கையில முட்டை, எதிர்ல புலி: கார்பெட்டின் ஒரே தோட்டா

ஜிம் கார்பெட்னா உங்களுக்குப் புலிதான் ஞாபகம் வரும். அவரோட ரைஃபிள்களைக் கொஞ்சம் பாருங்க.

ஒண்ணு, மடக்கித் திறக்கிற இரட்டைக்குழல். அடுத்தடுத்து ரெண்டு தோட்டா சுடலாம். ஆனா ரெண்டு குழலும் ஒரே புள்ளியில அடிக்கிறது குறிப்பிட்ட தூரத்துலதான். இன்னொண்ணு, 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லியைக் கொன்னதுக்காகக் கிடைச்ச பாயின்ட் 275 ரிக்பி, போல்ட் ஆக்‌ஷன். ஒரே குழல், இறுக்கமான பூட்டு. தூரத்துலயும் குறி பிசகாது. அடுத்த தோட்டாவுக்குத்தான் போல்ட்டை இழுத்துத் தள்ளணும்.

1930, குமாயுன் மலை. 64 பேரைக் கொன்ன சௌகர் பெண்புலியைத் தேடிப்போன கார்பெட்டோட இடது கையில ரெண்டு பறவை முட்டை, வலது கையில ரிக்பி. பாறையைத் தாண்டித் திரும்பினா, பக்கத்துலயே புலி! போல்ட்டை இழுக்க இன்னொரு கை இல்ல. சட்டுனு அசைஞ்சா பாய்ஞ்சிடும். ஒத்தைக் கையால ரைஃபிளை மெதுவா, ரொம்ப மெதுவா திருப்பிச் சுட்டார். புலி சாய்ஞ்சது.

முட்டைகளைக் கொண்டுபோய் எடுத்த இடத்துலயே வச்சிட்டார்.