ஊர்க்கதை தேடிய மெக்கன்ஸி

கல்கத்தாவில் குடியேறி வாழும் நம்மவருள் பார்க் ஸ்ட்ரீட் வழியே செல்லாதவர் இரார். அங்குள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் அடங்கியிருப்போருள் ஒருவர் கர்னல் காலின் மெக்கன்ஸி. தென்னாட்டு ஊர் வரலாறுகள் பல இன்று நமக்குக் கிட்டுவது அவரது முயற்சியின் பயனேயாகும்.

ஸ்காட்லாந்தைச் சார்ந்த லூயிஸ் தீவில் ஏறக்குறைய 1754-இல் பிறந்த இவர், முதலில் சுங்க அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தார். 1783-இல் கம்பெனியின் படையிற் சேர்ந்து சென்னை வந்தார். மதுரையில் பிராமண அறிஞர் சிலருடன் பழகியபோது, இந்நாட்டு ஓலைகளிலும் கல்வெட்டுகளிலும் பெரும் புதையல் இருப்பதை உணர்ந்தார். எனினும் போரும் அலைச்சலுமாக முதற் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. நம் நாட்டு மொழிகளையும் அவர் கற்றிலர்.

அக்குறையை நிறைவு செய்தவர் காவலி வேங்கட போரய்யா என்னும் தெலுங்கு இளைஞர். பல மொழிகளில் வல்ல அவர், மக்களிடம் இனிதாகப் பழகி அவர்கள் நம்பிக்கையைப் பெறும் திறனுடையவர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மெக்கன்ஸி மைசூர் நாட்டை அளக்கத் தொடங்கினார். 40,000 சதுர மைல் பரப்பை அளந்த அவ்வேலையோடு, ஊர் தோறும் வரலாறு திரட்டும் வேலையும் நடந்தது. கர்ணங்களின் கணக்குகள், கோயில் சாசனங்கள், பாளையக்காரர் வமிசாவளிகள், முதியோர் வாய்மொழிகள் ஆகியன படியெடுக்கப்பெற்றன. இவ்வாறு எழுதப்பட்ட ஊர் வரலாறுகளே கைபீயத்துகள் எனப்படும்.

1803-இல் போரய்யா இளமையிலேயே மறைந்தார். அவர் தம்பி லட்சுமய்யா அப்பணியை ஏற்றார். தருமய்யா என்னும் சமணப் பண்டிதரும் உடனுழைத்தார். தாமஸ் ஹிக்கி 1816-இல் தீட்டிய ஓவியத்தில் செஞ்சட்டையணிந்த மெக்கன்ஸியைச் சூழ இந்தியர் மூவர் நிற்கின்றனர். ஒருவர் கையில் ஓலைச்சுவடி, மற்றொருவர் கையில் தொலைநோக்கி. அத்தொகுப்பு யாருடைய உழைப்பால் அமைந்தது என்பதை அவ்வோவியமே உணர்த்தும்.

1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாக நியமனம் பெற்ற மெக்கன்ஸி, பின்னர்க் கல்கத்தா வந்தார். தாம் சேர்த்தவற்றை வகைப்படுத்தி அச்சிட எண்ணியிருந்தும், அது கைகூடுமுன் 1821 மே 8-இல் காலமானார். அவர் மனைவியாரிடமிருந்து கம்பெனியார் அத்தொகுப்பை ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கினர். 1828-இல் வில்சன் வெளியிட்ட அட்டவணைப்படி அதில் 1,568 சுவடி நூல்களும், 8,076 கல்வெட்டுப் படிகளும், 6,218 நாணயங்களும், 2,630 சித்திரங்களும் இருந்தன. தென்மொழிச் சுவடிகளிற் பல இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன.

ஈண்டு வருந்தத்தக்க செய்தியும் ஒன்று உண்டு. விட்ட பணியைத் தொடர லட்சுமய்யா விண்ணப்பித்தார். இந்தியர் ஒருவர் அதற்குத் தகுதியுடையவரல்லர் எனக் கருதி அன்றைய அறிஞர் கழகத்தார் ஆதரவளிக்கவில்லை. ஊர் ஊராய் நடந்து திரட்டியவருக்கே தகுதியில்லை என்றது காலத்தின் கொடுமை! அவர் கேட்டது கிடைத்திருப்பின் இன்னும் எத்தனை ஊர்களின் கதை தப்பியிருக்கும்!

ரயில்வே அலுவலகத்தில் தஸ்தாவேஜுகளோடு காலங்கழிக்கும் எனக்கு ஓர் உண்மை தெரியும். இன்று பயனற்றதாகத் தோன்றும் காகிதமே நாளை ஒருவரது உரிமையை நிலைநாட்டும் சான்றாகும். மாற்றல் வரும்போதெல்லாம் நாம் பழைய பெட்டிகளைக் கழித்துவிடுகிறோம். பாட்டனார் கடிதமும், நிலப்பத்திரமும், கோயில் வரவுசெலவுக் கணக்கும் அப்பெட்டிகளோடு போய்விடுகின்றன. பிறந்த ஊரை விட்டு வந்த நம் மக்களுக்கு அவ்வூரின் கதையைச் சொல்ல வேறென்ன மிஞ்சும்?

ஆகவே அன்பர்களே! இவ்வாண்டு விடுமுறையில் ஊர் செல்லும்போது, வீட்டு முதியோரருகில் அமர்ந்து அவர்கள் கூறுவதைத் தேதியிட்டு எழுதி வாருங்கள். தம் மொழியல்லாத மொழிகளின் செல்வத்தைக் காத்தவர் மெக்கன்ஸி. நம் மொழியில் உள்ளதைக் காப்பது நமக்கு அரிதோ?