வளைவுக்கு வழி கண்ட பெசியே



தெருமுனை வந்ததும் சைக்கிளை எப்படித் திருப்புகிறீர்கள்? நின்று, இறங்கி, வண்டியைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டா போகிறீர்கள்? இல்லையே! அழகாக வளைத்து ஓட்டுகிறீர்கள். இரும்பைச் செதுக்கும் இயந்திரமும் அப்படி வளைந்து ஓட வழி கண்டவர்களில் ஒருவர்தான் பியர் பெசியே.

இவர் 1910-ம் ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி பிரான்ஸ் நாட்டின் தலைநகர் பாரிசில் பிறந்தார். அப்பா, தாத்தா இருவருமே என்ஜினீயர்கள். பெசியேவும் என்ஜினீயரிங் படித்து, 1933-ல் ரெனால்ட் கார் கம்பெனியில் சேர்ந்தார். இயந்திரங்களில் வெட்டும் கருவிகளைப் பொருத்திச் சரிசெய்வதுதான் முதல் வேலை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரிடம் கைதியானார். அங்கேயும் தானாக இயங்கும் இயந்திரங்களைப் பற்றியே யோசித்தார். போர் முடிந்து திரும்பியதும் அவற்றை உருவாக்கியும் காட்டினார்!

அந்தக் காலத்தில் ஒரு காரின் வடிவத்தை முதலில் ஓவியர் வரைவார். அதைப் பார்த்து ஒருவர் களிமண்ணில் மாதிரி செய்வார். அதை அளந்து இன்னொருவர் வேறொரு மாதிரி செய்வார். ஒருவர் காதில் ஒருவர் ரகசியம் சொல்லும் விளையாட்டு தெரியுமல்லவா? அதைப் போலவே, கை மாற மாற வளைவும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிடும். எது சரி என்று சண்டைதான் வரும்!

எண்களைக் கொடுத்தால் அதன்படி செதுக்கும் இயந்திரங்கள் அப்போது வந்துவிட்டன. ஆனால், குட்டிக் குட்டி நேர்கோடுகளைச் சேர்த்து வளைவு செய்தால் ஒவ்வொரு மூலையிலும் வெட்டும் கருவி வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் அதிரும், பொருளில் தழும்பு விழும்.

1960-ல் பெசியே இதற்கு வழி தேடத் தொடங்கினார். ஒரு வளைவைச் சில புள்ளிகளால் மட்டுமே சொல்லிவிடலாம் என்று கண்டார். முதல் புள்ளியில் தொடங்கி, கடைசிப் புள்ளியில் வளைவு முடியும். நடுவில் உள்ளவை காந்தம் போல அதைத் தம் பக்கம் இழுக்கும். ஒரு புள்ளியை நகர்த்தினால் வளைவும் மாறும். இது நடக்கிற காரியமா என்று பலர் சந்தேகப்பட்டனர். அவர் விடவில்லை. 1968-ல் 'யுனிசர்ஃப்' என்ற அவரது முறை செயலுக்கு வந்தது. வரையும் இயந்திரத்துக்கும் செதுக்கும் இயந்திரத்துக்கும் ஒரே எண்கள்! பிறகு சண்டை ஏது?

ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். சித்ரோயன் என்ற இன்னொரு பிரெஞ்சு கார் கம்பெனியில் பால் த காஸ்தெல்ஜோ என்பவர் 1959-லேயே இதே வளைவைக் கண்டுபிடித்திருந்தார். அவரது கம்பெனி அதை ரகசியமாகப் பூட்டி வைத்தது. பெசியே தன் முறையைக் கட்டுரைகளாக வெளியிட்டார். அதனால் அதற்கு 'பெசியே வளைவு' என்றே பெயர் நிலைத்தது.

42 ஆண்டுகள் ஒரே கம்பெனியில் உழைத்து 1975-ல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு, 1977-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். படிப்புக்கு வயது ஏது! 1999 நவம்பர் 25-ல் காலமானார்.

நீங்களும் அந்த வளைவை வரையலாம். 'அ', 'ஆ', 'இ' என்று மூன்று புள்ளிகள் வைத்து, 'ஆ' மூலையாக வரும்படி இரண்டு கோடுகள் போடுங்கள். இரு கோடுகளின் நடுப்புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அந்தப் புதுக் கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். 'அ'வில் தொடங்கி, புதுக் கோட்டை அந்தப் புள்ளியில் மட்டும் தொட்டு, 'இ'யில் முடியும்படி மென்மையாக வளையுங்கள். கூர்மையான மூலை மறைந்துவிட்டதா? இது காஸ்தெல்ஜோ காட்டிய வழி.

இன்றைய அதிவேக இயந்திரங்களும் இத்தகைய வளைவுகளால்தான் மூலைகளை வேகம் அதிகம் குறையாமல் கடக்கின்றன. கம்ப்யூட்டரில் நீங்கள் பார்க்கும் எழுத்துகளின் வளைவும் இந்த வகைதான்.

அறிவைப் பூட்டி வைத்தால் அது ஒருவருக்கு மட்டுமே. பகிர்ந்தால் உலகத்துக்கே! நாளை வகுப்பில் உங்கள் நண்பனுக்கும் இதை வரைந்து காட்டுவீர்கள்தானே?