மரக்கலத்தை மனையாக்கிய மாலுமி

பாய்க்கப்பல் ஒன்றையே வீடாகக் கொண்டு கடல்தோறும் உலாவ வேண்டும் என்னும் ஆசை மேல்நாட்டாரிற் பலருக்கு இன்றும் உண்டு. எத்தகைய மரக்கலத்தைத் தெரிவது என்ற வினா எழும்போதெல்லாம் அவர்கள் ஒருவருடைய பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. அவரே ஜோசுவா ஸ்லோக்கம். அவர் வரலாற்றைப் பயிலுந்தோறும், நல்ல கலம் விலைக்கு வாங்கப்படுவதன்று, கையால் அறியப்படுவது என்னும் எண்ணமே என் உள்ளத்தில் மேலோங்குகின்றது.

இன்று கனடாவின் பகுதியாயுள்ள நோவா ஸ்கோஷியாவில் 1844ஆம் ஆண்டு பிறந்த ஸ்லோக்கம், பதினாறாம் வயதில் வீட்டைத் துறந்து மாலுமியானார். கடைநிலையிலிருந்து படிப்படியாக உயர்ந்து கப்பல் தலைவருமானார். 1871இல் சிட்னி நகரில் வெர்ஜினியா என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் கணவரோடு கப்பலிலேயே குடித்தனம் நடத்தினார். அங்கேயே பிள்ளைகளை வளர்த்தார். எனவே, மரக்கலம் வீடாகும் என்பது ஸ்லோக்கத்துக்குக் கனவன்று. அவர் வாழ்ந்து கண்ட உண்மை. அந்த இல்லற இன்பம் 1884இல் புவெனஸ் அயர்ஸ் துறையில் முடிவுற்றது. வெர்ஜினியா அங்கே கப்பலிலேயே காலமானார்.

துன்பம் தனித்து வருவதில்லை. 1886இல் ஹென்றியெற்றா என்பாரை மறுமணம் செய்துகொண்டார். மறுவருடம் அவருடைய சொந்தக் கப்பலான அக்விட்னெக் பிரேசில் நாட்டுக் கரையில் தரைதட்டி அழிந்தது. அதற்குக் காப்புறுதியும் இல்லை. மனம் தளராத அவர், 35 அடி நீளமான படகொன்றைக் கட்டி, மனைவியையும் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு 1888இல் அமெரிக்காவை அடைந்தார். அந்தப் பயணத்தோடு ஹென்றியெற்றா கடல் வாழ்வுக்கு விடைகொடுத்துத் தரைவாழ்வையே தெரிந்துகொண்டார். நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்ட அக்காலத்திலே, பாய்க்கப்பல் தலைவருக்கு வேலை கிடைப்பதும் அரிதாயிற்று.

1892இல் பழைய நண்பரொருவர் தம்மிடம் ஒரு கப்பல் உண்டு என்றும், அதைத் தருவதாகவும் அழைத்தார். மசாசூசெற்ஸ் மாநிலத்து ஃபெயார்ஹேவன் என்னும் ஊருக்குச் சென்று பார்த்த ஸ்லோக்கம், உப்புநீருக்கு எட்டாத வயலொன்றில், முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்த உளுத்துப்போன ஒற்றைப் பாய்மரக் கலத்தைக் கண்டார். அதுவே ஸ்பிரே. அவர் அதை உடைத்தெடுக்க வந்திருக்கிறார் என்றே அயலவர் எண்ணினர். திருத்திக் கட்டப்போகிறார் என்று அறிந்ததும், இதனால் வருவாய் உண்டோ என்று வினவினர்.

அருகிருந்த மேய்ச்சல் நிலத்து ஓக் மரத்தை வெட்டி, கப்பலின் முதுகெலும்பாகிய அடிமரத்தைப் புதிதாக இட்டார். ஓக் கன்றுகளை நீராவியில் வேகவைத்து வளைத்து வங்குகளாக்கினார். ஒன்றரை அங்குலத் தடிப்பான பைன் பலகைகளைப் பொருத்தி, இடுக்குகளைப் பஞ்சும் நாரும் அடைத்துக் கலப்பற்றுச் செய்தார். பழைய மரத்தை ஒவ்வொன்றாய் அகற்றிப் புதியதை இட்டமையால், பழைய கலம் எங்கே முடிந்தது, புதியது எங்கே தொடங்கியது என்று கூறுவது அரிதாயிற்று. பதின்மூன்று மாதங்கள் உழைத்தார். பொருட்செலவு 553 டொலர் 62 சதம். முடிவில் 36 அடி 9 அங்குல நீளமும், 14 அடி 2 அங்குல அகலமுங் கொண்ட கலம் உருவாயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்று உறைவிடமாயிற்று. ஆறடிச் சதுரத்தில் சமையலறை அமைந்தது. நடுவயிற்றில் பல மாதத்துக்கான உணவும் நீரும் இடங்கொண்டன. அகலத்தை அவர் விரும்பியதன் காரணம் இதுவே. ஒடுங்கிய கலம் விரைந்தோடலாம். ஆனால் வாழ்வதற்கு இடம் வேண்டுமன்றோ!

1895 ஏப்ரல் 24ஆந் திகதி, ஐம்பத்தோராம் வயதில், பொஸ்டன் துறையிலிருந்து தன்னந்தனியனாய்ப் புறப்பட்டார். முதலில் குளொஸ்டர் துறையில் தங்கி வேண்டுவன சேர்த்தார். நம் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி 1938இல் சென்றடைந்ததும் இத்துறையே என்பதை எண்ணும்போது என் நெஞ்சம் நெகிழ்கின்றது. பழுதுபார்க்கப் பதினைந்து டொலர் கேட்டமையால் நல்ல கடிகாரத்தை வீட்டிலே விட்டுச் சென்ற அவருக்கு, முகம் உடைந்து ஒரு டொலருக்கு வாங்கிய தகரக் கடிகாரமே வழித்துணையாயிற்று.

அசோரஸ் தீவுகளைக் கடந்தபின் ஒருநாள் வயிற்றுவலியால் அறிவு தடுமாறி அவர் அறைத் தரையில் வீழ்ந்து கிடந்தார். வெளியே புயல் வீசிற்று. விழித்துப் பார்த்தபோது, ஸ்பிரே திசை தவறாது தொண்ணூறு மைல் ஓடியிருந்தது. இந்து சமுத்திரத்தில் கீலிங் தீவுகளை நோக்கி 2,700 மைல் ஓடிய இருபத்துமூன்று நாட்களில், அவர் சுக்கானைப் பிடித்த நேரம் மூன்று மணிக்கு மேற்படவில்லை. பாய்களைச் செவ்வனே அமைத்துச் சுக்கானைக் கட்டிவிட்டால் கலம் தானே வழி சென்றது. அவர் நூல்களை வாசித்தார், சமைத்தார், உறங்கினார். 1898 ஜூன் 27ஆந் திகதி நியூபோட் துறையில் நங்கூரமிட்டபோது 46,000 மைல் கடந்திருந்தார். தனியொருவராய் உலகைக் கப்பலிற் சுற்றியவருள் அவரே முதல்வர்.

ஆயினும் அவர் கதையின் மறுபக்கத்தை மறைத்தல் தகாது. ஸ்பிரேயைப் போலவே கலம் சமைத்துக்கொண்டோர் பின்னாளிற் பலர். ஆனால் அகன்ற அக்கலம் அளவுக்கு மேற் சரிந்தால் மீண்டு நிமிராது எனக் கப்பல் அமைப்பை ஆய்ந்தோர் சுட்டிக்காட்டினர். அக்குறையோடும் அவர் கரைசேர்ந்தமைக்கு, ஒவ்வொரு பலகையின் இயல்பையும் அறிந்த கை காரணமாயிருந்திருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

1902இல் அவர் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் நிலமும் வீடும் வாங்கினார். தரைவீடு அவரைக் கட்டிவைக்கவில்லை. மீண்டும் மீண்டும் ஸ்பிரேயிலேயே கடலுக்குச் சென்றார். ஆனால் அக்கலத்தின் கயிறுகள் நைந்தன. முன்னைய பேணுதல் குறைந்தது. 1909இல் தென்னமெரிக்காவை நோக்கிப் பாய்விரித்துச் சென்றவர் திரும்பவில்லை. கலத்தின் ஒரு பலகையும் கிட்டவில்லை. என்ன நேர்ந்தது என்பதற்குச் சாட்சி கடல் ஒன்றே.

மரக்கலத்தை வீடாகத் தெரிவோர் அதன் நீளத்தையும் அகலத்தையும் மட்டும் கேளாதிருப்பாராக. மரம் நாள்தோறும் உளுக்கும். நாள்தோறும் அதனைப் பேணும் உள்ளம் தம்மிடம் உண்டோ என்று தம்மையே முதலிற் கேட்பாராக. ஸ்லோக்கம் தம் வாழ்வாலும் மறைவாலும் விட்டுச்சென்ற பாடம் அதுவே என நான் நம்புகிறேன்.