கானன் பாலா, கானன் தேவி ஆன கதை

ஒருவர் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு சொல், சமுதாயம் அவரை வீட்டின் எந்தப் பகுதி வரையில் வரவிடுகிறது என்பதைக் காட்டிவிடும். தாசி என்றால் வாசலோடு சரி. அம்மாள் என்றால் கூடம் வரை வரலாம். பாட்டையும் கூத்தையும் வாழ்வாகக் கொண்ட பெண்களின் வரலாறு நம் நாட்டில் பெரும்பாலும் இந்த வாசலுக்கும் கூடத்திற்கும் இடையே நடந்த போராட்டந்தான். வங்கத்திலும் கதை வேறல்ல. அங்கே நாடக மேடையில் புகழ் பெற்ற பினோதினியும் தாசியாகவே அறியப்பட்டார். அந்த வங்கத்தில் பாலா என்று தொடங்கித் தேவி என்று முடிந்த ஒரு பாடகியின் வாழ்வையே இங்குச் சொல்ல விழைகிறேன்.

கல்கத்தாவுக்குப் படிக்க வந்த நாள் முதல் நான் டாலிகஞ்சில் தங்கியிருக்கிறேன். பழைய கங்கைக் கால்வாயைத் தூர்வாரிய டாலி என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் வழங்கும் பகுதி இது. 1932இல் டெமிங் என்ற அமெரிக்க ஒலிப்பொறியாளர், இங்கு வளர்ந்துவந்த படத்தொழிலைக் கண்டு, ஹாலிவுட்டை நினைத்து இதற்கு டாலிவுட் என்று பெயரிட்டு எழுதினார். தென்னாட்டில் பேசும்பட நிலையங்கள் வேரூன்றாத அந்நாளில் நம்மவரும் கல்கத்தாவைத் தேடி வந்தனர். ஏ.வி. மெய்யப்பன் தம் முதற்படமான அல்லி அர்ஜுனாவை 1935இல் இந்நகரில்தான் எடுத்தார். இன்று டாலிகஞ்சின் மெட்ரோ நிலையம் உத்தம் குமார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருக்கு முன்பே இதே தெருக்களிலிருந்து இந்தியா முழுவதற்கும் கேட்ட குரல் கானனுடையது.

அவர் 1916இல் ஹௌராவில் பிறந்தார். தந்தையென்று அறிந்திருந்த ரத்தன் சந்திர தாஸ் இறந்தபின், தாயும் மகளும் உறவினர் வீட்டில் வேலைக்காரிகள் போல உழைக்க நேர்ந்தது. தம் பிறப்பைப் பற்றி ஊரார் பேசிய பேச்சை அவர் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் மறைக்கவில்லை. மனிதப் பிறவி என்பதே தமக்குப் போதும் என்ற கருத்தில் துணிந்து எழுதினார். பத்து வயதில், 1926இல், மதன் கம்பெனியின் ஜயதேவ் என்ற ஊமைப்படத்தில் சிறு வேடம் கிடைத்தது. அதற்காகக் கைக்கு வந்தது ஐந்து ரூபாய். பேசும்படம் வந்தபின் வேடங்கள் பெருகின, பாதுகாப்பு பெருகவில்லை. கேட்க ஆளில்லாத பெண் என்பதால் ஊதியத்தில் ஏமாற்றப்பட்டார். விரும்பாத காட்சிகளிலும் நடிக்க வேண்டியிருந்தது. அந்நாளில் விளம்பரத் தாள்களில் அவர் பெயர் கானன் பாலா. பாலா என்றால் சிறுமி. யார் வேண்டுமானாலும் ஏவலாம் என்பது அந்தச் சொல்லின் உட்பொருள்.

இந்நிலையிலிருந்து அவரைத் தூக்கிவிட்டது குரல் ஒன்றே. மேலை நாட்டு ஓபராவில் உச்சத்தில் நின்று, நம் பிருகாவைப் போலச் சுரங்களை உருட்டிப் பொழியும் பெண் குரலைக் கொலோரட்டூரா என்பர். அவ்வகைப் பாடகியான ஆஸ்திரேலியாவின் நெல்லி மெல்பாவுக்கு 1918இல் பிரிட்டிஷ் அரசு டேம் பட்டம் வழங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இருந்தார். 1902இல், இந்தியாவின் முதல் இசைத்தட்டுகள் பதிவானபோது பாடியவர் அவர். உருட்டலிலும் விரைவிலும் அவரும் யாருக்கும் இளைத்தவரல்லர். ஆயினும் அவர் பெயர் இறுதிவரை ஜான் என்ற வாலோடுதான் நின்றது. தட்டு வீட்டுக்குள் போயிற்று. பாடியவர் வாசலில் நின்றார்.

கானனின் குரல் வேறு வகை. நான் கேட்டவரையில், அதில் உருட்டல் குறைவு. தெளிவும் தேனொழுக்கும் மிகுதி. கௌஹர் ஜான் காலத்தில் பாடகர்கள் ஒரு பெரிய ஊதுகுழலின் வாய்க்குள் உரக்கப் பாட வேண்டியிருந்தது. மின்சார மைக் வந்தபின் மெல்லிய குரலும் தட்டில் ஏறியது. பக்கத்தில் அமர்ந்து பாடுவது போன்ற அந்தப் புதுமுறைக்கென்றே பிறந்தாற் போன்றது கானனின் குரல். ஆயினும் பிறவிக் குரலை மட்டும் நம்பி அவர் இருந்துவிடவில்லை. மெகாபோன் இசைத்தட்டுக் கம்பெனியில் சேர்ந்து, பீஷ்மதேவ் சட்டர்ஜியிடம் சாஸ்திரிய இசை கற்றார். கவி நஸ்ருலின் பாடல்களையும், அனாதி தஸ்திதாரிடம் தாகூரின் பாடல்களையும் பயின்றார். பள்ளிப் படிப்புக்கு வழியில்லாதவருக்கு இசையே கல்லூரியாயிற்று.

1931இல் பி.என். சர்க்கார் டாலிகஞ்சில் நியூ தியேட்டர்ஸை நிறுவியிருந்தார். ராய்சந்த் போராலும் பங்கஜ் மல்லிக்கும் அங்கே இசையமைத்தனர். 1935இல் தேவதாஸ் எடுத்த பி.சி. பருவா, பார்வதியாக நடிக்கக் கானனைத்தான் விரும்பினார். வேறொரு கம்பெனியின் ஒப்பந்தம் குறுக்கே நின்றது. அந்தக் கட்டு அவிழ்ந்தபின் 1937இல் முக்தி வெளிவந்தது. தாகூரின் பாடல்கள் அதுவரை கற்றோர் கூடங்களிலும் பிரம்ம சமாஜத்தார் இல்லங்களிலும் ஒலித்தவை. தெருவிலிருந்து வந்த ஒரு நடிகை அவற்றைத் திரையில் பாடினார். பங்கஜ் மல்லிக்கின் இசையில் அப்பாடல்கள் சந்து பொந்தெல்லாம் பரவின. அதே ஆண்டு வித்யாபதி. அடுத்த ஆண்டு, சைகலுடன் தெருப்பாடகன் கதை. வங்காளியில் சாத்தி, இந்தியில் ஸ்ட்ரீட் சிங்கர். 1939இல் நஸ்ருல் கதை எழுதிய சாபுரே. இந்த ஆண்டுகளில்தான் விளம்பரத் தாள்களில் பாலா மறைந்து தேவி வந்தது.

ஒரு நுட்பத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1935இல் இதே நியூ தியேட்டர்ஸ், பாக்ய சக்ரா என்ற படத்தில் பின்னணிப் பாடல் முறையைக் கையாண்டது. ஒருவர் பாட, மற்றொருவர் வாயசைக்கும் காலம் அன்று தொடங்கியது. எனவே பாடிக்கொண்டே நடித்த தலைமுறை மெல்ல மறைந்தது. கானன் அந்தத் தலைமுறையின் கடைசி வரிசையில் நின்றவர். அவர் பதிவுகளைக் கேட்கும்போது முகமும் குரலும் ஒரே ஆளுடையவை என்ற உண்மை தனியே ஓர் உருக்கத்தைத் தருகிறது.

1941இல் நியூ தியேட்டர்ஸை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு வந்த ஜவாப் படத்தில், கமல் தாஸ்குப்தா இசையில் அவர் பாடிய தூஃபான் மெயில் பாட்டு நாடெங்கும் முழங்கியது. உலகமே விரையும் இரயில், நாமெல்லாம் ஏறி இறங்கும் பயணிகள் என்பது அதன் கருத்து. சிட்டிக் கல்லூரித் தலைவராயிருந்து மறைந்த ஹேரம்ப சந்திர மைத்ராவின் மகன் அசோக் மைத்ராவை அவர் 1940இல் மணந்திருந்தார். ஒழுக்கத்துக்குப் பெயர்போன பிரம்ம சமாஜக் குடும்பம் அது. ஒரு நடிகை அங்கே மருமகளா என்று ஊர் கொதித்தது. மணமக்களுக்குப் பரிசளித்து வாழ்த்திய தாகூரையும் கண்டனம் விட்டுவைக்கவில்லை. திருமணத்திற்குப் பின்னும் அவர் நடிப்பதைக் கணவரால் தாங்க இயலவில்லை. 1945இல் மணமுறிவு கோரியவர் கானனே. தொழிலை விட்டு மருமகள் பட்டத்தைக் காத்துக்கொள்வது எளிது. தொழிலை இழந்து கூடத்தில் இடம் பெறுவதை அவர் விரும்பவில்லை. வியப்பு என்னவென்றால், மாமியாரோடும், புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸின் துணைவியாரான நாத்தனாரோடும் அவர் கொண்ட அன்பு மணமுறிவோடு முடியவில்லை.

1949இல் ஹரிதாஸ் பட்டாச்சார்யாவை மறுமணம் செய்துகொண்டார். ஸ்ரீமதி பிக்சர்ஸ் என்ற சொந்தக் கம்பெனியையும் தொடங்கினார். ஐந்து ரூபாய் கூலி வாங்கிய சிறுமி, பிறருக்குச் சம்பளம் தரும் முதலாளியானார். மேஜ்தீதி, அந்தகாரத்தில் ஒளி என்று பொருள்படும் ஆந்தாரே ஆலோ போன்ற சரத் சந்திரரின் கதைகளை அவர் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று நான் கருதவில்லை. ஊர் ஒதுக்கிய பெண்களின் நெஞ்சை எழுதியவரன்றோ சரத் சந்திரர்!

1968இல் பத்மஸ்ரீ, 1976ஆம் ஆண்டுக்குத் தாதாசாகேப் பால்கே விருது. 1992 ஜூலை 17இல் கல்கத்தாவில் மறைந்தார். 2011இல் அஞ்சல் துறை நடிகையருக்கு வெளியிட்ட தலைவரிசையில் நம் சாவித்திரியோடு அவர் முகமும் இடம் பெற்றது.

விருதுகளினும் பெரிதாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. முதுமையிலும் வறுமையிலும் வாடிய நடிகையருக்கு உதவ அமைந்த மகிளா சில்பி மகல் என்ற சங்கத்துக்கு அவர் தலைமை தாங்கி உழைத்தார். கூடத்திற்குள் தமக்கு இடம் கிடைத்ததும் கதவைச் சாத்திக்கொள்வோர் பலர். கானன் தேவி வாசலில் நின்றிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஊரையும் உறவையும் விட்டு வந்து படிக்கும் நாம், படித்து முடித்து ஒரு பட்டத்தைப் பெயரோடு ஒட்டிக்கொள்ளப் போகிறோம். அந்த நாளில் நாம் எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்போம் என்பதை இப்போதே எண்ணி வைத்தல் நன்று.