திரைக்கலை கற்ற அம்மையார் ஹோங் உன்வொன்

புதியதொரு பாதையில் முதலில் நடப்பவரை உலகம் வியந்து நோக்குகிறது. அவர் பின்னே இரண்டாவதாக நடப்பவரை அது எளிதில் மறந்துவிடுகிறது. ஆயினும் இரண்டாமவரும் நடந்தால்தான் அது பாதையாகிறது. கொரிய நாட்டுத் திரையுலகில் இயக்குநராக உயர்ந்த இரண்டாவது பெண்மணியான ஹோங் உன்வொன் அம்மையாரின் வாழ்வு இவ்வுண்மைக்குச் சான்றாகும்.

அம்மையார் 1922ஆம் ஆண்டில் பிறந்தார். அந்நாளில் கொரியா ஜப்பானியரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1945இல் அந்நிய ஆட்சி நீங்கியபின், அந்நாட்டுத் திரைப்படத் தொழில் தன் காலில் நிற்க முயன்ற வேளையில், அவர் அத்துறையில் புகுந்தார். சோய் இன் கியூ என்னும் இயக்குநர் 1948இல் எடுத்த படமொன்றில் காட்சிக் குறிப்பு எழுதும் பணி அவருக்குக் கிட்டியது.

அப்பணி பார்வைக்குச் சிறிது, பயனோ பெரிது. திரைப்படம் கதை வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. இறுதிக் காட்சி முதலிலும், முதற்காட்சி ஒரு திங்கள் கழித்தும் எடுக்கப்படலாம். நடிகர் எந்தக் கையில் கோப்பையை ஏந்தினார், எவ்வாடை உடுத்தினார், எச்சொல்லில் காட்சி முடிந்தது என்பனவற்றையெல்லாம் ஒருவர் தவறாது குறித்து வைக்க வேண்டும். இப்பணியே அம்மையாருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. பின்னர் உதவி இயக்குநராக உழைத்தார், திரைக்கதையும் எழுதினார். இடையில் 1950 முதல் 1953 வரை நடந்த கொடும் போர் நாட்டையே சீரழித்தது. அதன் பின்னரும் அவர் இத்தொழிலைக் கைவிடவில்லை.

1955இல் பார்க் நாம் ஓக் என்னும் பெண்மணி, கைக்குழந்தையை முதுகில் சுமந்தவாறே படமொன்றை இயக்கி, அந்நாட்டின் முதற்பெண் இயக்குநர் என்னும் பெயர் பெற்றார். ஆனால் அதற்குப்பின் அவருக்கு மறுவாய்ப்பு வாய்க்கவில்லை. ஏழாண்டுகள் கழித்து, 1962இல், தொழிலில் புகுந்து பதினான்கு ஆண்டுகள் கடந்த நிலையில், ஹோங் அம்மையார் இயக்குநரானார்.

அவர் எடுத்துக்கொண்ட கதை நாட்டையே உலுக்கிய நிகழ்ச்சியினின்று பிறந்தது. கொரியாவின் முதற்பெண் நீதிபதியான ஹ்வாங் யூன் சுக் 1961இல், முப்பது வயதைச் சிறிதே கடந்திருந்த நிலையில், தம் இல்லத்தில் இறந்து கிடந்தார். ஐயத்திற்கு இடமான அம்மரணத்தைப் பற்றி ஊரெங்கும் பலவாறு பேசப்பட்டது. அதனைத் தழுவி எழுந்த படமே ‘பெண் நீதிபதி’. ஆனால் படத்தின் தலைவி மாண்டு போவதில்லை. மனைவியின் உயர்வைப் பொறாத கணவனையும், குடும்பத்தின் குறைச்சொற்களையும் அவள் தாங்குகிறாள். வீட்டில் நஞ்சினால் ஒரு சாவு நேர்ந்து, மாமியார் மேல் பழி விழுகிறது. உடனே அவள் நீதிபதிப் பதவியைத் துறந்து, வழக்கறிஞராக நின்று, அவருக்காக வாதாடுகிறாள். தன்னைத் தூற்றிய குடும்பத்திற்கும் அவள் கற்ற கல்வியே காவலாக நிற்கிறது.

அம்மையார் மேலும் இரண்டு படங்களை இயக்கினார். 1960களின் நடுப்பகுதியோடு அவர்தம் இயக்குநர் பணி முடிவுற்றது. திறமை குன்றியதால் அன்று. பெண்ணை நம்பிப் பணம் போடுவோர் அரியராக இருந்த காலம் அது. 1999ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, அவருடைய படங்களுள் ஒன்றேனும் காணக் கிடைக்கவில்லை. வாழ்நாள் உழைப்பெல்லாம் ஏட்டிலுள்ள பெயராக மட்டுமே எஞ்சியிருந்தது.

ஆயினும் காலம் முற்றிலும் இரக்கமற்றதன்று. 2015இல் ‘பெண் நீதிபதி’யின் 16 மில்லிமீட்டர் படச்சுருள் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. சில பகுதிகள் இல்லையெனினும், அம்மையாரின் கைத்திறனை மக்கள் மீண்டும் கண்டனர். ஷின் சூ வொன் என்னும் இக்காலப் பெண் இயக்குநர், அப்படத்தின் இழந்த பகுதிகளைத் தேடி அலையும் ஒரு பெண்ணின் கதையைத் திரைப்படமாக்கினார். அது 2022இல் கொரியத் திரையரங்குகளில் வெளிவந்தது.

முதலாமவருக்கு ஒரு படம். இரண்டாமவருக்கு மூன்று படங்கள். இன்றோ அந்நாட்டில் பெண் இயக்குநர் பலர். கதவு ஒரே நாளில் திறந்துவிடவில்லை. சிறு பணியைச் செம்மையாகக் கற்று, பதினான்கு ஆண்டுகள் காத்திருந்து, கிடைத்த வாய்ப்பில் கற்ற பெண்ணின் பெருமையையே பேசிய அம்மையாரின் வாழ்வு, பயில்வோர் அனைவரும் நெஞ்சில் நிறுத்தத் தக்கதாகும்.