பேராதனைக்கு வழி சமைத்த ஐவர் ஜெனிங்ஸ்

கண்டி நகரை அடுத்துள்ள அம்பிட்டியவுக்கு உயர்கல்வி வரலாற்றில் பலரும் மறந்துவிட்ட ஓரிடம் உண்டு. பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் முடிவுக்கிணங்க 1893இல் அங்கு தாபிக்கப்பட்ட குருமடத்தில், இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த மாணவர்கள் தங்கியிருந்து மெய்யியலும் இறையியலும் பயின்றனர். நாட்டின் எல்லை கடந்து மாணவர்களை ஈர்த்த உயர்கல்வி நிலையமொன்றை, பேராதனையில் பல்கலைக்கழகம் எழுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே மலைநாடு கண்டிருந்தது. அக்குருமடம் 1955இல் இந்தியாவின் பூனே நகருக்கு இடம்மாறியது. அதே ஆண்டில், கண்டியின் மறுபுறத்தே பேராதனையில் தமது பணியை நிறைவு செய்த ஒருவரும் இலங்கையிடமிருந்து விடைபெற்றார். அவரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ்.

ஜெனிங்ஸின் பெயரைக் கேட்டதும் பேராதனையின் கட்டடங்களும் பூமரங்கள் நிழல் தரும் வீதிகளும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், அவர் நமக்கு விட்டுச்சென்றது அவ்வளவுதானா என்பதை நாம் சற்று ஆழமாக நோக்க வேண்டியுள்ளது.

1903ஆம் ஆண்டு மே 16ஆம் திகதி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்த ஜெனிங்ஸ், தமது கல்வித் திறமையினால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சென் கதரின் கல்லூரியை அடைந்தார். லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும் பின்னர் லண்டன் பொருளியல் கல்லூரியிலும் சட்டம் போதித்தார். அமைச்சரவை ஆட்சிமுறை பற்றியும் நாடாளுமன்றம் பற்றியும் 1930களில் அவர் எழுதிய நூல்கள், நாற்பது வயதை எட்டுமுன்பே அவரை அரசியலமைப்புச் சட்டத் துறையின் முன்னணி அறிஞர்களுள் ஒருவராக்கின.

இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்த வேளையில், 1941இல், இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராக அவர் கொழும்பை வந்தடைந்தார். 1921இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு மாணவர்களை ஆயத்தம் செய்யும் நிலையமாகவே இருந்து வந்தது. இந்நாட்டுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென்ற குரலை சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906ஆம் ஆண்டிலேயே எழுப்பியிருந்தனர். ஆனால், அது கொழும்பில் அமைவதா கண்டியில் அமைவதா என்ற விவாதத்திலேயே ஆண்டுகள் பல கழிந்தன. இறுதியில் பேராதனை தெரிவு செய்யப்பட்டிருந்த போதிலும், காரியம் கைகூடவில்லை. ஜெனிங்ஸ் காட்டிய வேகம் இங்குதான் குறிப்பிடத்தக்கது. அவர் வந்து ஏறத்தாழ ஓராண்டில் பல்கலைக்கழகக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. 1942 ஜூலை 1ஆம் திகதி, பல்கலைக்கழகக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று.

அந்தச் சட்டத்தை ஜெனிங்ஸின் தலையாய பணி எனலாம். பணத்தை அரசு வழங்கினாலும், எதைக் கற்பிப்பது, யார் கற்பிப்பது, யாரை அனுமதிப்பது என்பவற்றைப் பல்கலைக்கழகமே தீர்மானிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மன்று, பேரவை, மூதவை என்ற அமைப்புகளின் வாயிலாகத் தன்னைத் தானே ஆளும் நிறுவனமாக அது வகுக்கப்பட்டது. அமைச்சர்களின் கட்டளைக்கு அப்பாற்பட்ட கல்விச் சமூகம் என்பது, குடியேற்ற நாடொன்றில் அன்று எளிதில் கிட்டக்கூடியதன்று.

தமிழியலுக்கும் அக்காலம் பயன் தந்தது. 1943இல் சுவாமி விபுலாநந்தர் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அவரை அடுத்துப் பேராசிரியர் க.கணபதிப்பிள்ளை அத்துறையை வளர்த்தார். 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தபோது, அருணாசலத்தின் பெயரும் மாணவர் விடுதியொன்றில் நிலைபெற்றது. 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணியாரின் முன்னிலையில் எடின்பரோ கோமகன் பேராதனை வளாகத்தை முறைப்படி திறந்து வைத்தார்.

குறைகளையும் நாம் மறைத்தல் ஆகாது. மாணவர் யாவரும் விடுதியில் தங்கி ஆங்கிலத்தில் கற்கும் ஜெனிங்ஸின் பல்கலைக்கழகம், சிலருக்கான பல்கலைக்கழகமாகவே திட்டமிடப்பட்டது. ஆனால் 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கிராமத்துப் பிள்ளைகளுக்கும் உயர்கல்விக் கனவைத் தந்தது. 1960களில் சுயமொழிகளில் கற்ற மாணவர் பெருந்தொகையாய் வந்து சேர்ந்தபோது, பேராதனையின் விடுதிகளால் அவர்களைத் தாங்க இயலவில்லை. வரவிருந்த வெள்ளத்தை ஜெனிங்ஸின் திட்டம் போதியளவு கணிக்கவில்லை என்றே கூற வேண்டும்.

இதைவிடப் பாரதூரமான குறையொன்றும் உண்டு. டி.எஸ்.சேனநாயக்கவின் அரசியலமைப்பு ஆலோசகராகவும் ஜெனிங்ஸ் விளங்கினார். சோல்பரி அரசியலமைப்பின் அடித்தளத்தில் அவரது கைவண்ணம் உண்டு. அடிப்படை உரிமைப் பட்டியலில் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. சிறுபான்மையினருக்குப் பாரபட்சம் காட்டும் சட்டங்களைத் தடுக்க 29ஆம் பிரிவே அரணாக நின்றது. ஆனால், சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே கொண்டுவரப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரை வாக்குரிமை அற்றவர்களாக்கின. கொடக்கன்பிள்ளை வழக்கில் 1953இல் கோமறைக் கழகமும் அச்சட்டங்கள் செல்லுபடியாகும் எனத் தீர்த்தது. பேராதனையைச் சூழ்ந்த தோட்டங்களில் உழைத்த மக்களை அந்த அரண் காக்கவில்லை.

இலங்கையை விட்டு நீங்கிய பின்னரும் ஜெனிங்ஸின் பணி நாடுகள் கடந்து தொடர்ந்தது. பாகிஸ்தானுக்கு அரசியலமைப்பு ஆலோசனை வழங்கினார். மலாயாவின் அரசியலமைப்பை வகுத்த ரீட் ஆணைக்குழுவில் அங்கம் வகித்தார். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹோல் கல்லூரித் தலைவராகவும், 1961 முதல் 1963 வரை அப்பல்கலைக்கழகத்தின் உபவேந்தராகவும் கடமையாற்றினார். 1965 டிசம்பர் 19ஆம் திகதி, தமது 62ஆவது வயதில் காலமானார்.

அவர் மறைந்த மறு ஆண்டே, 1966இன் உயர்கல்விச் சட்டம் 1942ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தை அகற்றியது. 1972இல் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கப்பட்டு, அமைச்சரின் அதிகாரம் ஓங்கியது. அதே ஆண்டின் குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவும் இல்லாதொழிந்தது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்து தமிழ் இளைஞரின் மனங்களில் ஆறாத வடுவை ஏற்படுத்தியதும் அந்த ஆண்டுகளிலேயே. யாரை அனுமதிப்பது என்ற முடிவு கல்விமான்களின் கையிலிருந்து அரசியலின் கைக்கு மாறியதன் விலை அது.

ஜெனிங்ஸ் எழுப்பிய இரு அரண்களும் இவ்வாறே வீழ்ந்தன. நல்ல சட்டத்தை எழுதிவிட்டால் நல்லாட்சி தானே தொடரும் என்று அவர் நம்பினார் போலும். சட்டத்தை மதிக்கும் மனப்பாங்கு ஆள்வோரிடமும், அதைக் காக்கும் விழிப்பு மக்களிடமும் இல்லாதவிடத்து, எத்துணை திறமையாக எழுதப்பட்ட ஏடும் வெறும் ஏடுதான். பேராதனையின் அழகை வியந்து நிற்போர், அதைக் கட்டியவர் கட்டடங்களுக்கு முன்னதாகவே சுயாட்சிக்கு அத்திவாரம் இட்டார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தச் சுயாட்சியை மீட்டெடுப்பதே அவருக்கு இந்நாடு செலுத்தக்கூடிய உண்மையான நன்றிக்கடனாகும்.