இத்சிங் அடிகள் தம் நாட்டார்க்கு விடுத்த ஏடுகள்

சீனதேயத்திலிருந்து பரதகண்டத்துக்கு வந்த யாத்திரிகருள்ளே பாகியான், யுவான் சுவாங் என்னும் இருவரையும் ஆசிரியர் யாவரும் அறிவர். நாம் மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில் சரித்திரபாடம் அவ்விருவரோடு நின்றுவிட்டது. மூன்றாமவராகிய இத்சிங் என்னும் பௌத்த துறவியை நாம் அறிந்தது, ஜப்பானிய அறிஞர் தகாகுசு 1896 இல் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்ட அவருடைய நூலை நெடுங்காலத்தின் பின் படித்தபோதேயாம். அவர் நம் சமயத்தவரல்லர். ஆயினும், அந்நிய நாட்டிலிருந்துகொண்டு தம் நாட்டாரை நினைந்து, அவர்க்கு வேண்டுவதை எழுதிவிடுத்தவருள் அவரைப் போல்வாரை நாம் அதிகம் கண்டிலேம்.

இத்சிங் பிறந்தது 635 ஆம் ஆண்டு. ஏழாம் வயதிலே தாய்ஷான் மலைப்பக்கத்து மடமொன்றிற் சேர்க்கப்பட்டார். அங்கே அவர்க்கு ஆசிரியர் இருவர் வாய்த்தனர். ஷான்யூ என்பவர் பல்கலையும் கற்றவர். ஹூய்ஸீ என்பவர் ஒழுக்கத்திற் சிறந்தவர். ஷான்யூ தாம் இறப்பதற்கு ஓராண்டின் முன் ஒரு விநோதமான செயல் செய்தார். தாம் இயற்றியனவும் தம்மிடமிருந்த சரித்திரம் முதலியனவுமாகிய ஏடுகளைக் குவித்துக் கிழித்து, நீரில் ஊறவிட்டுக் கூழாக்கி, காவற்றெய்வ உருவங்கள் இரண்டு செய்வதற்குப் பயன்படுத்திவிட்டார். வெறுந்தாளைக் கொண்டு செய்யலாமே என்று மாணாக்கர் தடுத்தும் கேட்டிலர். உலகியல் நூல்கள் தம்மை நெடுநாள் மயக்கின என்பது அவர் கருத்து. அவர் இறந்தபோது இத்சிங்குக்கு வயது பன்னிரண்டு. ஏடுகளைக் கூழாக்கியது தகுமோ என்பதில் நமக்கு ஐயமுண்டு, அது நிற்க.

பின்னர் ஹூய்ஸீயிடம் துறவொழுக்க நூல்களைக் கற்றபோது இத்சிங்குக்கு ஒரு கவலை பிறந்தது. சீனத்து உரைகாரர் ஒருவர் கூறியதை மற்றொருவர் மறுத்தனர். மூலநாட்டிலே துறவிகள் எங்ஙனம் உண்கின்றனர், உடுக்கின்றனர், நீராடுகின்றனர் என்று கண்ணாற் கண்டவர் சிலரே. கண்டு வருவேமென்று பதினெட்டாம் வயதிற் கொண்ட எண்ணம் முப்பத்தேழாம் வயதிலேதான் கைகூடிற்று. உடன் வருவேமென்றவர் ஒவ்வொருவராய்ப் பின்வாங்கினர். அவர் ஷான்யூவின் சமாதியை வணங்கி, ஹூய்ஸீயின் விடைபெற்று, 671 இல் கன்ரன் என நாம் வழங்கும் குவாங்சௌ துறையிலே பாரசீகன் ஒருவனுடைய மரக்கலத்தில் ஏறினார். உடன் சென்ற ஒரே மாணவனும் சுமாத்திராத் தீவிலே ஸ்ரீவிஜயத்தில் நோயுற்றுத் திரும்பினான்.

ஸ்ரீவிஜயத்தில் ஆறுமாசம் வடமொழி இலக்கணம் பயின்று, கடாரம் வழியாக 673 இல் வங்கத்துத் தாமிரலிப்தியை அடைந்தார். அங்கிருந்து நாளந்தாவுக்குப் போகும் வழியில் நோயினாற் பின்தங்கியபோது கள்வர் வளைந்து உடையையும் பறித்துக்கொண்டனர். வெண்ணிறத்தாரைப் பிடித்துப் பலியிடுவர் என்று கேள்விப்பட்டிருந்தமையால், சேற்றை உடலெங்கும் பூசி, இலைகளால் மறைத்து, கோலூன்றி நடந்து இரவிலே தோழரைச் சேர்ந்தார். நாளந்தாவிற் பத்தாண்டளவு கற்றார். மூவாயிரம் பேர்க்கு மேல் அங்கு வாழ்ந்தனர் என்கின்றார்.

685 இல் ஏறக்குறைய நானூறு நூல்களோடு மீண்டு, ஸ்ரீவிஜயத்திலே தங்கினார். சுலோகக் கணக்கில் அவை ஐந்து லட்சமாம். அவற்றைச் சீனமொழியிற் பெயர்த்தெழுதத் தாளுமில்லை, மையுமில்லை, எழுதுவோருமில்லை. 689 இல் குவாங்சௌவுக்குப் புறப்படவிருந்த கப்பலொன்றில் ஏறி, தாளும் மையும் எழுதுவோர்க்குக் கூலியும் அனுப்புமாறு வேண்டும் கடிதமொன்றைக் கொடுக்கச் சென்றார். அந்நேரத்திற் காற்று வாய்த்தது; பாய் விரித்தனர்; கப்பல் நகர்ந்தது. இறங்கவேண்டுமென்று கேட்டும் பயனில்லை. கடிதத்தோடு கடிதம் எழுதியவரும் ஊர் போய்ச் சேர்ந்தார்! இஃது ஊழ்வினையின் செயலென்றே அவர் எழுதுகின்றார். பதினெட்டாண்டு பிரிந்திருந்த தாயகம் அவர்க்கு இங்ஙனம் கிட்டிற்று. நூல்களோ ஸ்ரீவிஜயத்திற் கிடந்தன. பிறர் எனின் அங்கேயே இருந்து ஆளனுப்பியிருப்பர். அவர் துணைவர் நால்வரைத் தேடிக்கொண்டு, தாளும் மையும் கொண்டு, அவ்வாண்டிலேயே திரும்பவும் கடலேறினார்.

அதன்பின் எழுதியனவே நாம் சொல்லவந்த ஏடுகள். தாம் உயிரோடு மீள்வது நிச்சயமில்லையென்று கருதினார்போலும். 692 இல் தா சின் என்னும் துறவி ஊர் திரும்பியபோது அவற்றை அவர் கையிற் கொடுத்தனுப்பினார். பரதகண்டத்திலே சீனத்தார்க்கு ஒரு மடம் அமைத்தல் வேண்டுமென்று அரசுக்கு விண்ணப்பமும் செய்தார்.

முதல் நூல் நாற்பது அதிகாரமுடையது. அற்புதங்களை எதிர்பார்த்து அதனைத் திறப்பவர் ஏமாறுவர். பற்குச்சி எவ்வளவு நீளமாயிருத்தல் வேண்டும், சுத்தநீர்க்குடமும் கால் கழுவும் குடமும் ஏன் வெவ்வேறாதல் வேண்டும், எச்சில் கைபட்ட பாத்திரத்தை என் செய்வது, குடிநீரை எங்ஙனம் வடிப்பது என்பனவே அதில் மலிந்துள்ளன. நம் பாட்டிமார் சொல்லித் தந்த ஆசாரங்களை ஒரு சீனர் வியந்து எழுதிவைத்திருப்பதைப் படிக்குந்தோறும் நமக்கு நகையும் நாணமும் ஒருங்கே தோன்றும். பற்குச்சி வேப்பிலங்குச்சியா வேறா என்று நம்மவர் பேசுவதுபோல, சீனத்தார் அதனை அலரிவகை மரமொன்றின் குச்சியென்று மயங்கியதையும் திருத்துகின்றார். உடலையும் விரலையும் தீயிலிட்டு எரித்தலைப் பக்தியென்று கொண்ட தம் நாட்டுத் துறவிகளை இரண்டு அதிகாரங்களிற் கண்டிக்கின்றார். ஊராரின் வெறுப்புக்கு அஞ்சாமல் இதனை எழுதி முன்னே அனுப்பியது சிறு காரியமன்று.

ஆசிரியர்கள் படிக்கவேண்டுவது கல்விமுறை பற்றிய முப்பத்துநான்காம் அதிகாரம். பிள்ளைகள் ஆறாம் வயதில் அரிச்சுவடி தொடங்கி ஆறுமாசத்தில் முடிப்பர். எட்டாம் வயதிற் பாணினி சூத்திரத்தை மனனஞ்செய்வர். பதினைந்தில் அதன் விருத்தியுரையைத் தொடங்குவர். ஸ்ரீவிஜயத்திலே ஆயிரத்துக்கு மேற்பட்ட துறவிகள் உளர். பரதகண்டம் போவோர் அங்கே ஓரிரண்டாண்டு பயின்று போதல் நன்று என்றும் வழிகாட்டுகின்றார். கேள்வியால் எழுதியவற்றிற் சில பிழையுமுண்டு: பர்த்ருஹரி இறந்து நாற்பதாண்டு என்கின்றார், இக்காலத்து ஆராய்ச்சியாளர் அவரை ஐந்தாம் நூற்றாண்டினராகக் கொள்வர்.

உடனனுப்பிய மற்றொரு நூல், தமக்கு முன்னும் தம் காலத்தும் யாத்திரை சென்ற ஐம்பதுக்கு மேற்பட்ட துறவிகளின் சரிதம். பலர் வழியிலே மாண்டவர். அவருள் ஊசிங் என்பவர் கடாரத்திலிருந்து முப்பது நாளில் நாகபட்டினத்தையும், அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கையையும் அடைந்தாராம்.

695 இல் இத்சிங் நூல்களோடு லோயாங் நகர் புகுந்தபோது சக்கரவர்த்தினி வூ தாமே வாயிலுக்கு வெளியே வந்து எதிர்கொண்டார். ஐம்பத்தாறு நூல்களை இருநூற்றுமுப்பது சுருள்களிலே பெயர்த்து, 713 இல் அவர் காலமானார்.

ஸ்ரீவிஜயத்திலிருந்து விடுத்த நூலின் நாற்பதாம் அதிகாரம் பரதகண்டத்தைப் பற்றியதன்று. ஷான்யூ, ஹூய்ஸீ என்னும் ஆசிரியர் இருவரின் சரிதமே அது. ஷான்யூ ஏடுகளைக் கூழாக்கிய செய்தி நமக்குக் கிடைத்ததும் அதிலிருந்தேயாம். கன்ரனிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த தாளிலேயே அதனை அவர் எழுதியிருத்தல் கூடும்.